மாங்கூழ் ஆலைக்கு இரண்டரைக் கோடி: எங்கே வாங்குவது?

வாசகர் கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): சித்தூர் பக்கம் எங்களுக்குக் குடும்ப மாங்கூழ் ஆலை இருக்கிறது. அப்பா தொடங்கியது, இப்போது பிரைவேட் லிமிடெட். அண்ணன் நிர்வாக இயக்குநர். நானும் இயக்குநர்தான், உற்பத்தி என் பொறுப்பு. செலுத்திய மூலதனம் 60 லட்சம், ஆண்டு விற்பனை 16 கோடி. வங்கியில் சரக்கையும் பாக்கியையும் காட்டி எடுக்கும் சிசி (கேஷ் கிரெடிட்) கடனுக்கு லிமிட் 4 கோடி, அக்டோபரிலிருந்து நிரம்பியே கிடக்கிறது. டிசம்பர் கடைசியில் சரக்கு 5.2 கோடி, வர வேண்டிய பாக்கி 3.6 கோடி, நாங்கள் தர வேண்டியது 2.4 கோடி. தர வேண்டியதில் பாதிக்கு மேல் விவசாயிகளுக்கும் மண்டிக்கும் போக வேண்டியது. வரப்போகிற சீசனுக்கு இன்னும் இரண்டரைக் கோடி வேண்டும். லிமிட்டை ஆறரைக் கோடியாக்கக் கேட்கலாம் என்கிறார் அண்ணன். தெரிந்தவர்களிடம் இரண்டு வட்டிக்குத் திரட்டலாம் என்கிறார் அண்ணியின் தம்பி. சென்னையிலிருந்து ஒருவர் 26 சதவீதப் பங்குக்கு இரண்டரைக் கோடி தரத் தயார். எது சரி, ஐயா?

பதில்: வணக்கம். கடிதத்தோடு வங்கியின் அனுமதிக் கடிதத்தையும் பாக்கிப் பட்டியலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன மூன்று விஷயங்களில்தான் பதில் இருக்கிறது. அண்ணனின் லாரி சர்வீஸுக்கு முன்பணமாகப் போன 95 லட்சம் இரண்டு வருஷமாக வாடகையில் கழிபடவில்லை. அண்ணியின் தம்பி நடத்தும் வியாபார நிறுவனம் கூழ் எடுத்த வகையில் 80 லட்சம் பத்து மாதமாக நிற்கிறது. சென்ற சீசனுக்கு முன் வாங்கிய டிரம் நிரப்பும் இயந்திரத்துக்கு 1.2 கோடி சிசி கணக்கிலிருந்தே போயிருக்கிறது. கூட்டினால் 2.95 கோடி. நீங்கள் வெளியே தேடுவது இரண்டரைக் கோடி.

அதனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அப்புறம் பார்ப்போம். இந்த 2.95 கோடி ஏன் போனது, யார் கேட்டுப் போனது என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். தொழிலை அன்றாடம் ஓட்டும் பணமான நடைமுறை மூலதனம் கணக்குப்பிள்ளையின் வேலை, கம்பெனி நிர்வாக ஒழுங்கு பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று நம் ஊர்களில் இரண்டையும் தனித்தனியாக வைத்துவிட்டோம். உங்கள் கணக்கில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன. இயக்குநர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் இந்த மூன்று தொகைகளும் இப்படிப் போயிருக்காது.

உங்கள் அண்ணன் சொல்லும் வழியை எடுத்துக்கொள்வோம். லிமிட் 4 கோடி என்பதற்காக 4 கோடியையும் எடுத்துவிட முடியாது. டிராயிங் பவர், அதாவது கையிலுள்ள சரக்குக்கும் பாக்கிக்கும் ஏற்ப வங்கி எடுக்க விடும் தொகை, எவ்வளவோ அவ்வளவுதான். அனுமதிக் கடிதப்படி, சரக்கிலிருந்து தர வேண்டிய கடனைக் கழித்து, மீதியில் 25 சதவீதம் மார்ஜின், அதாவது வங்கி கடன் தராமல் கழித்துக்கொள்ளும் பங்கு. 90 நாளுக்குள் இருக்கும் பாக்கியில் 40 சதவீதம் மார்ஜின். 90 நாள் தாண்டிய பாக்கிக்கு எதுவும் கிடையாது. கணக்கைப் போடுங்கள். 5.2 கோடியில் 2.4 போக 2.8 கோடி. அதில் முக்கால் பங்கு 2.1 கோடி. பாக்கி 3.6 கோடியில் உறவினரின் 80 லட்சமும், உங்கள் பட்டியலில் 90 நாள் தாண்டிய வேறு 60 லட்சமும் போக 2.2 கோடி. அதில் 60 சதவீதம் 1.32 கோடி. ஆக மொத்தம் 3.42 கோடி. நீங்கள் எடுத்திருப்பதோ 4 கோடி. இப்போதே 58 லட்சம் கூடுதலாக எடுத்திருக்கிறீர்கள்.

இது வங்கிக்கு ஏன் தெரியவில்லை என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வங்கிக்கு மாதாமாதம் சரக்கு, பாக்கி விவரம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் அண்ணன் நீங்கள் தர வேண்டிய கடனைக் காட்டுவதில்லை, பழைய பாக்கியைப் பிரிப்பதும் இல்லை. அப்படிப் போட்டால் 3.9 கோடியும் 2.16 கோடியும் சேர்ந்து 6.06 கோடி டிராயிங் பவர் வரும். அந்தக் காகிதத்தை நம்பித்தான் லிமிட்டைக் கூட்டலாம் என்று கிளையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டாக் ஆடிட்டுக்கு ஆள் வரும் அன்றைக்கு இது அப்படியே சரிந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. சரக்கு, பாக்கி போன்ற நடப்புச் சொத்தை அடமானமாக வைத்துக் கடன் வாங்கிய கம்பெனி, வங்கிக்குக் கொடுத்த காலாண்டுக் கணக்கு புத்தகக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று நிதிநிலை அறிக்கையின் குறிப்பில் வெளியிட வேண்டும்.  2021 ஏப்ரலிலிருந்து உள்ள விதி இது. ஆகவே ஆறரைக் கோடி கேட்டு விண்ணப்பம் போட்டால், இதுவரை கண்ணில் படாத காகிதத்தை நீங்களே மேசைமேல் வைத்ததாகும். அண்ணன் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. சீசனில் காய்க்குப் பணம் வேண்டும், வங்கியில் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள், நிரப்பிவிட்டார். வங்கி அப்படிப் பார்க்காது என்பதுதான் பிரச்சினை. கடன் தவணை தவறிய ஒரு கம்பெனி, குறுகிய காலத்துக்கு வாங்கிய நடைமுறை மூலதனத்தை அனுமதிக்கு மாறாக நீண்டகாலச் சொத்தில் போட்டிருந்தாலோ, சொந்தக்காரர்களின் நிறுவனங்களுக்குத் திருப்பியிருந்தாலோ, ரிசர்வ் வங்கி விதிப்படி அது பணத்தைத் திசைதிருப்பியதாகும். வேண்டுமென்றே கடன் கட்டாதவர் என்ற பட்டம் வருவது இந்த வழியில்தான். சிசி பாக்கி லிமிட்டையோ டிராயிங் பவரையோ தாண்டித் தொடர்ந்து 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். உங்கள் கணக்கு உண்மையான டிராயிங் பவரைத் தாண்டி எத்தனை நாளாக நிற்கிறது என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இதில் உங்களுக்குப் பங்கில்லை என்று இருந்துவிடாதீர்கள். சிசி கடனுக்கு நீங்களும் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அம்மா பேரில் உள்ள வீடும் அடமானத்தில் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 128-ம் பிரிவின்படி கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. 'நான் உற்பத்தியை மட்டும்தான் பார்த்தேன்' என்பது வங்கியிடம் எடுபடாது. கணக்கு வாராக்கடனான பிறகு 60 நாள் அறிவிப்பு கொடுத்து வீட்டைக் கையகப்படுத்தும் அதிகாரம் 2002 ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் இருக்கிறது. கம்பெனிக் கணக்கைத் திறந்து பார்ப்பது உங்கள் கடமை. அண்ணன் மேல் சந்தேகம் என்று யாரும் அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டு வட்டிக் கடனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, வாங்காதீர்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். இரண்டரைக் கோடிக்கு வருஷ வட்டி மட்டும் 60 லட்சம், அதாவது உங்கள் மொத்த மூலதனத்துக்குச் சமம். சட்டமும் இடம் தராது. இயக்குநர்களும் அவர்களின் உறவினர்களும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து, அது கடன் வாங்கிய பணம் அல்ல என்று எழுதிக் கொடுத்து, பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் கடன் தரலாம். பங்குதாரர்களிடம் வாங்கவும் வரம்போடு வழி உண்டு. ஊரில் தெரிந்தவர்களிடம் வாங்கினால் அது பொதுமக்களிடம் டெபாசிட் திரட்டியதாகும். அதற்குக் கம்பெனிகள் சட்டம் 76-ஏ பிரிவில் பொறுப்பான அதிகாரிக்கு ஏழாண்டு வரை சிறை இருக்கிறது. 80 லட்சத்தைப் பத்து மாதமாகத் தராதவரே இந்த யோசனையையும் சொல்கிறார். அவர் தர வேண்டியதைத் தந்தாலே தேவையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிடும்.

சென்னைக்காரரின் 26 சதவீதத்தை நீங்கள் வெறும் எண்ணாக எழுதியிருக்கிறீர்கள். அவர் 25 கேட்காமல் 26 கேட்டதற்குக் காரணம் உண்டு. கம்பெனியின் விதிமுறைகளை மாற்றுவது போன்ற சிறப்புத் தீர்மானங்களுக்கு, எதிராக விழும் வாக்கைப்போல மூன்று மடங்காவது ஆதரவாக விழ வேண்டும். 26 சதவீதம் கையில் இருந்தால் அவர் ஒருவரே அதைத் தடுத்துவிடலாம். பணம் போடுகிறவர் அப்படிக் கேட்பது நியாயம்தான். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, நாலைந்து மாதச் சீசன் தேவைக்காக என்றைக்குமான ஒரு உரிமையைக் கொடுக்கலாமா என்பது. விலையையும் பாருங்கள். பணம் உள்ளே வந்த பிறகு மொத்தக் கம்பெனியின் மதிப்பே சுமார் 9.6 கோடிதான் என்று அவர் கணக்குப் போடுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவர், தெரியாததற்கும் சேர்த்து விலையைக் குறைத்துத்தான் கேட்பார். கம்பெனிகள் முதலில் சொந்தப் பணம், பிறகு கடன், கடைசியில்தான் பங்கு என்று போவதற்கு இதையே காரணமாக 1984-ல் மையர்ஸ், மஜ்லுஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் விளக்கினார்கள். உங்கள் புத்தகத்தில் 95 லட்சமும் 80 லட்சமும் இப்படி நிற்கும்வரை நல்ல விலை வராது.

பெரிய கம்பெனிக்கும் இதே நிலைதான். 2008 டிசம்பரில் ஹைதராபாத் சத்யம் கம்பெனி, நிறுவனர் குடும்பத்துக்குத் தொடர்புள்ள இரண்டு மேட்டாஸ் கம்பெனிகளை வாங்க முடிவு செய்தது. முதலீட்டாளர்கள் கொதித்து எழுந்ததும் கைவிட்டது. 2009 ஜனவரி 7-ம் தேதி வெளிவந்த கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று தெரிந்தது. உங்கள் ஆலையை அதோடு வைத்துப் பேசவில்லை. கம்பெனிப் பணம் குடும்பத்தின் வேறு தொழிலுக்குப் போகிறது என்றால் பணம் கொடுப்பவர் முதலில் கவனிப்பது அதைத்தான், அதைச் சொல்ல வந்தேன்.

அடுத்து லாரி சர்வீஸுக்குப் போன 95 லட்சம். மாதாமாதம் வாடகையில் கழிந்திருந்தால் அது வியாபார முன்பணம். இரண்டு வருஷமாக அசையாமல் இருப்பதால் கடன் என்றே பார்ப்பார்கள். லாரி சர்வீஸ் அண்ணனின் சொந்த உரிமை நிறுவனம் என்கிறீர்கள், ஆகவே அது இயக்குநருக்குக் கொடுத்த கடன். கம்பெனிகள் சட்டம் 185-ம் பிரிவு அதைத் தடுக்கிறது. பிரைவேட் கம்பெனிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் வங்கிக் கடன், செலுத்திய மூலதனத்தின் இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. உங்களுக்கு அந்த எல்லை 1.2 கோடி, கடன் 4 கோடி. விலக்கு கிடையாது. தண்டம் கம்பெனிக்கு 5 லட்சத்திலிருந்து 25 லட்சம் வரை, இயக்குநருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அதே அளவு அபராதமோ இரண்டுமோ. மார்ச் 31-க்குள் இது திரும்பி வந்தாக வேண்டும். லாரி ஒன்றை விற்றோ, லாரி மேல் கடன் வாங்கியோ அண்ணன் கட்டட்டும்.

இயந்திரத்தின் 1.2 கோடிக்கு வழி சுலபம். பல வருஷம் உழைக்கும் இயந்திரத்துக்கு, ஒவ்வொரு சீசனிலும் சுழல வேண்டிய பணத்தைப் போட்டது விதைநெல்லைக் குத்தித் தின்றது போல. பில்லையும் பணம் செலுத்திய விவரத்தையும் ஆடிட்டர் சான்றோடு கொடுத்து, அதன் மேல் ஐந்து வருஷ டேர்ம் லோன் (தவணைக் கடன்) கேளுங்கள். நாள் ஆக ஆக வங்கிகள் தயங்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். முக்கால் பங்கு கிடைத்தால் 90 லட்சம் சிசி கணக்குக்குத் திரும்பும். ஜாமீனுக்கு இன்னொரு வீட்டைத் தேட வேண்டியதில்லை. குறு, சிறு நிறுவனங்கள் அடமானம் இல்லாமல் வாங்கும் கடனுக்கு வங்கியிடம் பொறுப்பேற்கும் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தின் வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடியாகியிருக்கிறது. கிளையில் இதைக் கேளுங்கள்.

இப்போது கணக்கை மறுபடி போடுவோம். 95 லட்சம், 80 லட்சம், டேர்ம் லோன் 90 லட்சம், ஆக 2.65 கோடி சிசிக்குள் வருகிறது. 4 கோடி 1.35 கோடியாகக் குறைகிறது. அதிலிருந்து எடுத்து விவசாயி, மண்டி, டிரம், பை என்று 2.4 கோடியையும் கட்டிவிடுங்கள். அப்போது சிசி கடன் 3.75 கோடி, லிமிட்டுக்குள். டிராயிங் பவரோ 3.42-லிருந்து 5.22 கோடிக்கு ஏறிவிடும், கழிக்க வேண்டிய கடன் எதுவும் இல்லையே. புதிதாக ஒரு பங்கும் கொடுக்காமல், ஒருவரிடமும் இரண்டு வட்டிக்குப் போகாமல், வங்கியிடம் கூடுதல் லிமிட்டை உண்மையான காகிதத்தோடு கேட்கும் நிலைக்கு வந்துவிடுகிறீர்கள்.

விவசாயி பாக்கியைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஜூன், ஜூலையில் காய் போட்டவருக்கு டிசம்பர் தாண்டியும் பணம் போகவில்லை. வட்டியில்லாத பணம்தானே, நிற்கட்டும் என்று பல ஆலைகளில் நினைக்கிறார்கள். கணக்குப்படியே அது தப்பு. விவசாயிக்கு 1 கோடி பாக்கி வைத்தால் டிராயிங் பவரில் 75 லட்சம் குறைகிறது. உண்மையில் கையில் மிஞ்சுவது 25 லட்சம். அந்த 25 லட்சத்துக்காக, தோட்டத்துக்கு மருந்து அடிக்கவும் பிள்ளைகளின் கல்லூரிக்குக் கட்டவும் கடன் வாங்கி நிற்கிற மனிதரை ஆலை வாசலில் நடக்க விடுகிறோம். 2025 சீசனில் கூழுக்குப் போகும் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை விழுந்தபோது ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று ஆந்திர அரசு தலையிட வேண்டி வந்ததை நீங்கள் வாசலிலிருந்தே பார்த்திருப்பீர்கள். முந்தின வருஷக் கூழ் விற்காமல் தேங்கியிருந்ததும் அந்த நெருக்கடிக்கு ஒரு காரணம். அந்த மாதிரி வருஷத்தில் எந்த ஆலை பணத்தை ஒழுங்காகக் கொடுத்தது என்பதை பங்காருபாளையம், தாமலச்செருவு மண்டிகளில் யாரும் மறக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் நல்ல காய் அந்த ஆலைக்குத்தான் போகும். டிரம், பை தயாரித்துத் தருபவர்கள் குறு, சிறு நிறுவனங்களாக இருந்தால் 45 நாளுக்குள் கட்ட வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்து வருஷக் கடைசியிலும் பாக்கி நின்றால் அந்தச் செலவை அந்த வருஷ வருமானத்தில் கழிக்க முடியாது என்பது 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதி.

அந்த 45 நாள் சட்டம் உங்கள் பக்கமும் பேசும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவில் நீங்கள் சிறு நிறுவனம் என்றால், உங்கள் கூழை வாங்கும் ஜூஸ் கம்பெனியும் 45 நாளுக்குள் தர வேண்டும். கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. அதற்குத்தான் டிரெட்ஸ் தளம். பில்லை அதில் ஏற்றி, வாங்கியவர் ஒப்புக்கொண்டதும், வங்கிகள் போட்டி போட்டுத் தள்ளுபடி செய்து பணம் தரும். வாங்கியவர் கட்டத் தவறினாலும் உங்களிடம் திரும்பக் கேட்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் 2025 மார்ச்சுக்குள் அதில் சேர வேண்டும் என்று உத்தரவு. வளைகுடாவுக்கு அனுப்பும் சரக்குக்கு ஆர்டரைக் காட்டிப் பேக்கிங் கிரெடிட் என்ற ஏற்றுமதிக் கடன் வாங்குங்கள், சிசியிலிருந்து எடுக்காதீர்கள். வாங்குபவருக்கு ஏற்ப, அவர் பணம் தராமல் போனால் ஈடு தரும் ஈசிஜிசி ஏற்றுமதிக் காப்பீடும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லிமிட் கேட்கும் முறையையும் மாற்றுங்கள். சிறு தொழில்களுக்கு ரிசர்வ் வங்கியின் நாயக் குழு சொன்ன முறையில் விற்பனையில் 20 சதவீதம் என்று கணக்கிட்டால் உங்களுக்கு 3.2 கோடிதான் வரும். பணம் வருஷத்தில் நாலு தடவை சுழலும் என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு அது. உங்கள் பணம் இரண்டு மாதத்தில் காயாக உள்ளே போய், அடுத்த மே வரை டிரம்மிலும் பாக்கியிலும் உட்கார்ந்திருக்கும். மாதவாரி ரொக்க வரவு செலவு பட்ஜெட் முறையில் மதிப்பிடச் சொல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை 6 கோடி, மற்ற மாதங்களில் 3.5 கோடி என்று பீக், நான்பீக் லிமிட்டாகக் கேளுங்கள். சீசன் தொழில்களுக்கு வங்கிகள் இப்படித் தருகின்றன. தக்காளி, கொய்யா ஓட்டி ஒன்பது மாதம் சும்மா இருக்கும் ஆலையை இயக்கும் எண்ணம் இருந்தால், தக்காளிக்குப் பேர்போன மதனப்பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. அந்த விரிவுக்குப் பங்கு முதலீடு பொருத்தமாக இருக்கும். சென்னைக்காரரிடம் ஒரு வருஷம் கழித்துச் சுத்தமான கணக்கோடு பேசுங்கள், 26-க்குக் கீழே பேசலாம்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். லாரியில் ஆரம்பிக்காதீர்கள், அது சண்டையில் முடியும். 3.42 கோடிக் கணக்கை எழுதி அவர் முன் வையுங்கள், அம்மாவின் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் கையெழுத்தும் அதே காகிதத்தில் இருக்கிறது. அடுத்து, மாதம் ஒரு இயக்குநர் கூட்டம். உங்களைப் போன்ற சிறு கம்பெனிக்கு அரை வருஷத்துக்கு ஒன்று போதும் என்று சட்டம் விட்டிருக்கிறது, நீங்கள் மாதாமாதம் போடுங்கள். 90 நாள் தாண்டிய பாக்கி, விவசாயி பாக்கி, உண்மையான டிராயிங் பவர், சொந்தக்காரர்களோடு நடந்த வரவு செலவு, இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் உங்கள் கையெழுத்து இல்லாமல் வங்கிக்குப் போகக் கூடாது. 5 லட்சத்துக்கு மேல் காசோலைக்கு இரண்டு கையெழுத்து. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரை இயக்குநராகச் சேர்த்தால் நல்லது, கட்டாயம் இல்லாவிட்டாலும்.

காலம் குறைவு. ஜனவரி ஸ்டேட்மென்டைச் சரியான கணக்கோடு கொடுங்கள். கூடுதலாக எடுத்த 58 லட்சத்தை எப்போது, எந்தப் பணத்தால் சரிசெய்வீர்கள் என்று கூடவே ஒரு கடிதம் வையுங்கள். வங்கி தானாகக் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் சொல்லிவிட வேண்டும். டேர்ம் லோன் விண்ணப்பம் பிப்ரவரியில் போகட்டும். பீக் லிமிட் விண்ணப்பத்தை மார்ச் முடிவதற்குள் தற்காலிகக் கணக்கோடு கொடுத்துவிடுங்கள். மே மாதம் கொடுத்தால் பணம் ஆகஸ்டில்தான் வரும், அதற்குள் மண்டியில் காய் முடிந்துவிடும்.